முயலுக்கு ஒரு பிடி தழை: ஈகையா, கடனா?

வீட்டில் வளரும் முயலுக்கு ஒரு பிடி கொத்தமல்லியோ அருகம்புல்லோ கிள்ளிப் போடும்போது இரண்டு உயிர்கள் சம்பந்தப்படுகின்றன. ஒன்று தின்கிறது, மற்றொன்று தின்னப்படுகிறது. இரண்டையும் ஒரே வீட்டில் ஒரே மனிதர் வளர்க்கிறார். சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் இரண்டு கேள்விகள் இங்கே எழுகின்றன. தழைக்கும் உயிர் உண்டென்றால் அதைக் கிள்ளுவது கொலையாகுமா? முயலுக்கு உணவிடுவது புண்ணியம் சேர்க்கும் ஈகையா, வளர்ப்பவர் செலுத்தியே தீரவேண்டிய கடனா? முதல் கேள்விக்குத் தமிழ்நாட்டுச் சமய மரபுகள் வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கின்றன. இரண்டாவது கேள்வியில் அவை பெரும்பாலும் ஒரே பக்கம் வந்து சேர்கின்றன. அடைத்து வைத்த உயிருக்குக் கொடுக்கும் உணவு கடன்தான். அதைத் தருமக் கணக்கில் எழுத முடியாது.

இந்தக் கேள்விகளை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தில் வைத்துப் பார்க்கக் காரணம் உண்டு. விசிஷ்டாத்வைதத்தை நிலைநாட்டிய இராமானுசர், மரபுக் கணக்குப்படி 1017ஆம் ஆண்டு பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். அதற்குக் கிழக்கே குன்றத்தூர், பெரிய புராணம் பாடிய சேக்கிழாரின் ஊர். மேற்கே காஞ்சிபுரம், அதை ஒட்டிச் சமணக் கோயில்கள் நிற்கும் திருப்பருத்திக்குன்றம். உயிரையும் இரக்கத்தையும் பற்றி ஆழ்ந்து எண்ணிய பெரியோர் பலர் நடமாடிய நிலம் இது. அதே நிலத்தில் 1990களின் பிற்பகுதியிலிருந்து தொழிற்சாலைகள் எழுந்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசானும், 2012இல் டெய்ம்லரும், 2013இல் ராயல் என்ஃபீல்டும் உற்பத்தியைத் தொடங்கின. ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த வயல்களும் மாடு மேய்ந்த தரிசுகளும் சிப்காட் மனைகளாயின. வேலைக்கு வந்தவர்கள் லைன் வீடுகளிலும் அடுக்ககங்களிலும் குடியேறினார்கள். அந்த வீடுகளில் பிள்ளைகளின் ஆசைக்காகப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற இடங்களிலிருந்து முயல்கள் வந்து சேர்கின்றன. சாலையோரம் புல் இன்றும் முளைக்கத்தான் செய்கிறது. ஆனால் சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் இரவும் பகலும் ஓடும் கன்டெய்னர் லாரிகளின் புகையும் தூசும் அதன்மேல் படிகின்றன; களைக்கொல்லி தெளித்த இடம் எது என்பதும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே முயலுக்கான தழையை வீட்டிலேயே வளர்ப்பது இங்கே பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்து, அந்த உயிரைக் காப்பாற்றும் வழியாகவே ஆகிவிடுகிறது.

கடையில் விற்கும் முயல் இந்த மண்ணின் உயிர் அன்று. ஏரிக்கரையிலும் புதர்க்காட்டிலும் ஓடும் காட்டு முயல் வேறு இனம். அதைப் பிடிப்பதையும் அடைத்து வளர்ப்பதையும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. வீட்டு முயலின் மூதாதைகள் ஐரோப்பாவின் தென்மேற்கில், ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதிகளில் வளை தோண்டி வாழ்ந்தவை. பகலை மண்ணுக்கடியில் குளிர்ச்சியில் கழித்து, விடியலிலும் அந்தியிலும் வெளியே வந்து புல் மேய்வது அவற்றின் இயல்பு. ஒரகடத்தில் சித்திரை வெயிலில் சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே கம்பிக் கூண்டில் இருக்கும் முயலுக்கு வளையும் இல்லை, மேய்ச்சலும் இல்லை. இரண்டுக்கும் ஈடானதை மனிதர்தான் ஏற்படுத்தித் தர வேண்டும்.

முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நார் மிகுந்த புல்லை அரைத்துக்கொண்டே இருந்தால்தான் அவை தேயும். குடலும் அப்படித்தான், நார் உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் அது இயங்கும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. அரைநாள் ஒன்றும் தின்னாமல் கிடந்தாலே குடல் நின்றுபோகும் ஆபத்து உண்டு. அந்த நிலையில் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போவதில் தாமதம் கூடாது. அதன் உணவில் பெரும்பங்கு உலர்ந்த புல்லாக இருக்க வேண்டும். அதற்கு மேல், ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஒரு கப் என்ற அளவில் பச்சைத் தழை. பிஸ்கட்டும் சோறும் ரொட்டியும் அதற்கு உணவே அல்ல. அன்பு மிகுதியால் ஊட்டப்படும் பிஸ்கட் முயலின் குடலைக் கெடுக்கிறது. உயிரின் இயல்பை அறியாத அன்பு அந்த உயிருக்கே தீங்காக முடியும்; அறிவும் இரக்கமும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று சமணரும் பௌத்தரும் வற்புறுத்தியதன் பொருள் இங்கே நன்றாக விளங்குகிறது.

இனி முதல் கேள்வி. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாக வகுக்கிறது. புல்லும் மரமும் தொடுவுணர்ச்சி மட்டுமுள்ள ஓரறிவு உயிர்கள். விலங்குகள் ஐயறிவு உடையவை. இந்த வரிசைப்படி கொத்தமல்லிச் செடி முதற்படியிலும் முயல் ஐந்தாம் படியிலும் நிற்கின்றன. ஆனால் இரண்டுமே உயிர். முதற்படியில் நிற்பதை உயிரற்ற பொருளோடு சேர்த்துத் தள்ளிவிடத் தொல்காப்பியம் இடம் தரவில்லை.

இதை வாழ்க்கை முறையாகவே ஆக்கிக்கொண்டவர்கள் சமணர்கள். செடிகொடிகள் ஓரறிவு உயிர்கள் என்பதால் அவற்றுக்கும் ஊறு செய்யாதிருக்கத் துறவிகள் முயல்கிறார்கள். இல்லறத்தாரால் அந்த அளவுக்குப் போக இயலாது. எனவே அவர்களுடைய சிறுவிரதம், இயங்கும் உயிர்களைக் கொல்லாமையை உறுதியாகவும், நிலைத்திணை உயிர்களுக்குச் செய்யும் ஊறைத் தேவைக்கு மேல் போகாமல் குறைப்பதை முயற்சியாகவும் வைத்தது. கிழங்கு, வேர்க்காய் ஆகியவற்றை விலக்குவதும் இதன்வழி வந்ததே. ஒரு கிழங்கில் எண்ணற்ற உயிர்கள் ஒன்றாய்த் தங்கியுள்ளன என்பதும், அதைத் தோண்டினால் செடி முழுதும் அழியும் என்பதும் அவர்கள் சொல்லும் காரணங்கள். முயல் வளர்ப்பில் இதற்கு எதிர்பாராத ஒரு பயன் உண்டு. கேரட் கிழங்கு முயலுக்குப் பிடித்த உணவு என்று படக்கதைகள் பழக்கிவிட்டிருக்கின்றன; உண்மையில் அதில் சர்க்கரை அதிகம், எப்போதாவது ஒரு சிறு துண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. கேரட்டின் மேல்தழையும் முள்ளங்கி இலையுமே அதற்கு ஏற்றவை. கிழங்கைத் தோண்டாமல் தழையைக் கிள்ளு என்ற சமண இல்லறத்தானின் எச்சரிக்கையும் மருத்துவரின் அறிவுரையும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

வள்ளலாரின் விடை இன்னும் நேரடியானது. 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய இராமலிங்க அடிகள், ஜீவகாருணிய ஒழுக்கம் என்னும் உரைநடையில் இந்த ஐயத்தைத் தாமே எழுப்பிக்கொள்கிறார். மரமும் புல்லும் உயிர்கள்தாமே, அவற்றை உண்பதும் இம்சை ஆகாதா என்பது கேள்வி. தாவரங்களில் உயிர் விளக்கம் சிறிதளவே உண்டு, துன்பத்தை உணரும் மனம் முதலிய கருவிகள் அவற்றில் வளரவில்லை, காயும் பூவும் தழையும் உடலில் வளரும் நகம், முடி போன்றவை, அவற்றைக் கொய்வதால் உயிர்க்கொலை நிகழ்வதில்லை என்பது அவர் தரும் விளக்கம். வாடிய பயிரைக் கண்டு தாமும் வாடியவர் சொன்ன விளக்கம் இது. ஆகவே தாவரத்தின்மீது அக்கறையில்லாதவரின் சாக்காக இதை எடுத்துக்கொள்ள இடமில்லை.

அவருடைய நியாயம் எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்பதை ஒரு புதினாத் தொட்டியே காட்டிவிடும். சந்தையில் வாங்கிய புதினாவில் இலையை ஆய்ந்துவிட்டு, முற்றிய தண்டை ஈரமண்ணில் சாய்த்து ஊன்றினால் ஒரு வாரம் பத்து நாளில் வேர் பிடிக்கும். அது ஒரு சாண் உயரம் வந்ததும், எதிரெதிராக இரண்டு இலைகள் நிற்கும் கணுவுக்குச் சற்று மேலே நகத்தால் கிள்ள வேண்டும். கிள்ளிய தண்டு சில நாள் அப்படியே நிற்கும். பிறகு அந்த இரண்டு இலைகளின் கக்கத்திலிருந்தும் இரண்டு துளிர்கள் கிளம்பும். ஒரு தண்டு இருந்த இடத்தில் இரண்டு. மறுமுறை கிள்ளினால் நான்கு. இங்கே நகமும் முடியும் என்ற உவமை எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. சொல்லப்போனால், கிள்ளாமல் விட்ட செடிதான் முற்றிப் பூத்து மெலிந்துபோகிறது. முளைக்கீரையையோ வெந்தயக்கீரையையோ வேரோடு பிடுங்கும்போது நிலைமை வேறு. அங்கே ஓர் உயிர் முடிந்துவிடுகிறது. அதற்கு உவமை தேடி ஆறுதல் கொள்வதில் பயனில்லை. ஆகவே தழை பறிப்பது இம்சையா என்ற கேள்விக்குப் பொதுவான ஒற்றை விடை கிடையாது. எதைப் பறிப்பது, எப்படிப் பறிப்பது, எவ்வளவு பறிப்பது என்பதைப் பொறுத்தே விடை மாறும். சந்தையில் கட்டாக வாங்குபவருக்கு இந்தத் தேர்வு கிடைப்பதில்லை. தாமே வளர்ப்பவருக்குக் கிடைக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கு அறநோக்கில் உள்ள முதல் சிறப்பு இதுதான்.

இராமானுசரின் நோக்கு வேறொரு தளத்தில் நிற்கிறது. அவருடைய தத்துவத்தில் அறிவுள்ள உயிர்களும் அறிவற்ற பொருள்களும் அனைத்தும் இறைவனுக்கு உடல். உயிர்கள் தம் இயல்பில் ஒன்றுக்கொன்று தாழ்ந்தவை அல்ல. வினையால் பெற்ற உடல்களே புல், முயல், மனிதர் என்று வேறுபடுகின்றன. தாம் எழுதிய ஸ்ரீபாஷ்யத்தின் மூன்றாம் அத்தியாயத்தில், மறுபிறவிக்கு இறங்கி வரும் உயிர்கள் நெற்பயிரில் தங்குவதைப் பற்றிப் பேசும்போது, பயிருக்கென்று அதில் வாழும் உயிர் வேறு, வந்து தங்கும் உயிர் வேறு என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். ஆகப் பயிருக்கும் உயிர் உண்டு. நம்மாழ்வார் திருவாய்மொழியில், அயோத்தியில் வாழ்ந்த புல்லையும் எறும்பையும்கூட விட்டுவிடாமல் எல்லாவற்றையும் இராமன் நற்கதிக்குச் சேர்த்தான் என்று பாடியிருப்பதை வைணவ உரையாசிரியர்கள் பெரிதாகக் கொண்டாடுவார்கள். குலசேகராழ்வாரோ வேங்கடத்தில் குருகாகவோ மீனாகவோ மரமாகவோ பிறந்தாலும் போதும் என்கிறார்.

இந்த நோக்கில் பார்த்தால் தொட்டியிலுள்ள துளசியும் கூண்டிலுள்ள முயலும் வளர்ப்பவரின் உடைமை அல்ல. மூன்று பேருக்கும் உடையவன் வேறொருவன். தழையைக் கிள்ளி முயலுக்குப் போடுபவர், ஒருவனுடைய பொருளை அவனுடைய மற்றொரு பொருளிடம் சேர்க்கும் ஊழியர் மட்டுமே. இதற்கு வைணவ மரபு வைத்த பெயர் கைங்கரியம். அதில் ‘நான் கொடுத்தேன்’ என்று சொல்லிக்கொள்ள இடமே இல்லை. செடி வாடாமல் பார்த்துக்கொள்வதும் முயல் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்வதும் ஒரே ஊழியத்தின் இரண்டு பாதிகள். கிள்ளுவது இம்சையா என்று கணக்குப் பார்க்கும் மற்ற மரபுகளைவிட, கிள்ளுபவர் யார் என்று கேட்கும் இந்த மரபு கேள்வியை ஒருபடி உள்ளே கொண்டு போகிறது.

இரண்டாவது கேள்வி ஈகையைப் பற்றியது. பௌத்த சாதகக் கதைகளில் முயல் ஒன்று வருகிறது. விருந்தாகத் தன்னிடம் வந்தவருக்குக் கொடுக்க அதனிடம் புல்லைத் தவிர எதுவும் இல்லை. மனிதர் புல் தின்ன மாட்டார்கள். எனவே தீயில் பாய்ந்து தன் உடலையே உணவாகத் தர முனைகிறது. பாய்வதற்கு முன் மூன்று முறை உடலை உதறுகிறது. தன் மயிருக்குள் இருக்கும் சிற்றுயிர்கள் தன்னோடு எரிந்துவிடக் கூடாதே என்று. அந்த முயல் செய்தது ஈகை. கொடுக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. வந்தவரை அது அடைத்து வைத்திருக்கவும் இல்லை. கூண்டைப் பூட்டிச் சாவியை வைத்திருக்கும் மனிதரின் நிலை அப்படிப்பட்டது அன்று. தானாகப் போய்ப் புல் தேடிக்கொள்ளும் வழியை அடைத்தவரே அவர்தான். அடைத்த கை உணவு போட்டால் அது ஈகை ஆகாது.

இதைச் சமண நூல்கள் தெளிவாக வகுத்திருக்கின்றன. தத்துவார்த்த சூத்திரம் கொல்லாமை விரதத்துக்கு வரும் குற்றங்களாக ஐந்தைச் சொல்கிறது: கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். சமந்தபத்திரரின் நூலைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தாருக்கு இந்த அறத்தையே சொல்கிறது. ஐந்து குற்றங்களில் முதலாவதும் கடைசியும் முயல் கூண்டுக்கு நேராகப் பொருந்துவதைக் கவனிக்க வேண்டும். அடைப்பதே ஒரு குற்றம். அதை நேர்செய்ய வழி தேடாமல், ஷிப்ட் மாறிய அசதியில் ஒருவேளை தழையையும் தண்ணீரையும் மறந்தால் இரண்டாவது குற்றமும் சேர்ந்துகொள்கிறது. வள்ளலாரும் மனிதர் தம் வசத்தில் வைத்திருக்கும் ஆடு, மாடு, குதிரை போன்ற உயிர்களின் பசிக்கு அவற்றை வைத்திருப்பவர்களே பொறுப்பு என்று பிரித்துச் சொல்கிறார். காட்டில் திரியும் உயிருக்கு இயற்கை படியளக்கிறது. வீட்டில் அடைபட்ட உயிருக்கு வீட்டார்தான் அளக்க வேண்டும்.

சேக்கிழார் இதை அரசனை வைத்துப் பேசுகிறார். கன்றைத் தேர்க்காலில் இழந்த பசுவுக்கு நீதி செய்த மனுச்சோழன் வரலாற்றில், அரசன் தன் குடிகளையும் உயிர்களையும் எந்தெந்தத் தீங்குகளிலிருந்து காக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் வருகிறது. பகைவர், கள்வர், பிற உயிர்கள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் பட்டியலின் முதலிடத்தில் இருப்பது அரசன் தானே. தன்னால் வரும் தீங்கிலிருந்து முதலில் காக்க வேண்டும். ஒரு சிறு உயிரின் உணவும் வெளிச்சமும் நடமாட்டமும் தம் கையில் உள்ள ஒவ்வொருவரும் அந்த உயிருக்கு அரசரே. கூண்டுக்குள் நாயும் பூனையும் வராமல் கம்பி அடிப்பவர் பலர். தம் மறதியும் அலுப்பும் கூண்டுக்குள் நுழையாமல் காப்பவர் சிலரே.

நாட்டின் சட்டமும் இதே நிலையில்தான் நிற்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவரின் கடமைகளை மூன்றாம் பிரிவில் வைக்கிறது. போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராத உரிமையாளரைப் பதினொன்றாம் பிரிவில் குற்றவாளியாக்குகிறது. முதல் முறைக்கான அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஒரு கட்டு உலர்புல்லுக்கும் போதாத தொகை. கடனை உணர்த்தும் வேலையைச் சட்டத்திடம் விட்டுவிட முடியாது என்பது இதிலேயே தெரிகிறது.

கடன் என்று ஏற்றுக்கொண்ட பின் அதைச் செலுத்தும் முறை வருகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் எளிதாக வளர்ந்து முயலுக்கும் ஒத்துப்போகும் தழைகள் கொத்தமல்லி, புதினா, அருகம்புல், வெந்தயக்கீரை, முள்ளங்கி இலை முதலியவை. முயல் பண்ணைகளில் வேலிமசாலும் குதிரைமசாலும் கல்யாண முருங்கையும் கொடுப்பது வழக்கம். வளர்ந்த வீட்டு முயலுக்கு இவை சிறிதளவே போதும். அகத்தியிலும் முருங்கையிலும் சுண்ணாம்புச் சத்து மிகுதி, அது சிறுநீர்ப் பையில் படியக்கூடும். வாரத்தில் ஓரிரு முறை சில இலைகள் போதும். பாலக், தண்டுக்கீரை வகைகளையும் அளவோடு மாற்றி மாற்றித்தான் தர வேண்டும். புதிய தழை எதையும் ஒரே நாளில் நிறையக் கொடுக்காமல், முதலில் இரண்டு இலை, குடல் ஏற்றுக்கொண்டால் பிறகு கூட்டுவது முறை.

இவற்றில் சமய வழக்கத்துக்கு மிக நெருக்கமானது அருகம்புல். பிள்ளையாருக்கு மாலை கட்டும் அதே புல். கணுவோடு ஒரு துண்டை அகலமான தொட்டியில் ஊன்றி வெயிலில் வைத்தால் வேறு பக்குவம் கேட்காது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். ஒரு நீள இதழை நீட்டினால் முயல் அதை நுனியில் பற்றும். கீழ்த்தாடை பக்கவாட்டில் விரைந்து அசைய, புல் ஒரே சீராக உள்ளே போய்க்கொண்டிருக்கும். கடைசி அங்குலம் மறையும்வரை முயல் நிறுத்துவதில்லை. அந்தப் பக்கவாட்டு அசைவுதான் பல்லைத் தேய்க்கிறது. ஆனால் பிள்ளையாருக்கு உகந்த மற்றொன்றான எருக்கு, முயலுக்கு நஞ்சு. சிவனுக்குச் சாத்தும் அரளியும் ஊமத்தையும் நஞ்சு. பூசைக்கென்று வீட்டு வாசலில் அரளி வைப்பது இந்த வட்டாரத்தில் பரவலான வழக்கம். முயலை வெளியே விடும் நேரத்தில் அதன் உதிர்ந்த இலையும் பூவும் எட்டாதபடி பார்த்துக்கொள்வது கட்டாயம். வேலியோர உன்னிச்செடி, தக்காளித் தழை, உருளைக்கிழங்குத் தழை, வெங்காயம், பூண்டு ஆகியவையும் கூடாதவை.

இறைவனுக்கு ஏற்றது எல்லா உயிர்க்கும் ஏற்றது என்று பொதுவாக எண்ணிவிடக் கூடாது என்பதற்கு எருக்கும் அரளியும் சான்று. திருமூலர் அறம் செய்யும் வழியைச் சொல்லும் ஒரு மந்திரத்தில், எல்லாராலும் முடிந்தவை என்று நான்கை எடுத்துக் காட்டுகிறார். இறைவனுக்குப் பச்சிலை ஒன்று. பசுவுக்கு ஒரு வாய்த் தழை. உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி. எவருக்கும் ஓர் இனிய சொல். பச்சிலையையும் பசுவின் வாயுறையையும் அவர் தனித்தனியாக வைத்திருக்கிறார். பெறுபவர் யார் என்று அறிந்து அவருக்கு ஏற்றதைக் கொடுப்பது அந்தப் பிரிவினையில் அடங்கியிருப்பதாகக் கொள்ளலாம்.

துளசி பற்றிய ஐயம் வைணவ வீடுகளில் இயல்பாக எழும். துளசி சிறிதளவில் முயலுக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் மாடத்துத் துளசியைத் துவாதசியில் பறிப்பதில்லை, இரவில் தொடுவதில்லை என்பன போன்ற நியமங்கள் உண்டு. பெருமாளுக்கென்று வைத்த செடியிலிருந்து தின்னக் கிள்ளுவதற்கு மனமும் ஒப்பாது. இதற்கு எளிய வழி, விதையிலிருந்து வேறொரு தொட்டியில் முயலுக்கென்றே ஒரு செடி வளர்ப்பது. நியமமும் கெடாது, முயலும் ஏங்காது. அந்தச் செடியையும் பெருமாளின் உடைமையாகவே எண்ணி, அவனுடைய முயலுக்கு அவனுடைய துளசி என்று கொடுப்பதில் இராமானுச தரிசனத்துக்கு முரண் ஏதும் இல்லை.

தழை வளர்ப்பில் தத்துவத்துக்குக் கடினமான இடம் பூச்சி. அசுவினி வெந்தயத்திலும் முள்ளங்கியிலும் கூட்டமாக வந்து உட்காரும். ரசாயன மருந்து அடித்தால் பூச்சியும் சாகும், தழையை உண்ணும் முயலுக்கும் ஆபத்து. ஒன்றும் செய்யாவிட்டால் செடி போய்விடும். தீயில் பாயும் முன் உடலை உதறிய சாதக முயலின் கவனத்தை இங்கே முன்மாதிரியாகக் கொள்ள முடியும். விதைத்த நாளிலேயே மெல்லிய வலை போட்டு மூடினால் பெரும்பாலான பூச்சி வருவதே இல்லை. பூச்சி வந்துவிட்ட இலையைச் செடியிலிருந்து எடுத்துத் தொலைவில் உதறிவிட்டு, மற்றதை வெறும் தண்ணீரில் பீய்ச்சிக் கழுவலாம். முழுதும் ஊறு இல்லாமல் ஒரு பிடி தழையைக்கூட விளைவிக்க முடியாது என்பது உண்மை. ஊறைக் குறைப்பதற்கு எடுத்துக்கொள்ளும் சிரமமே இல்லறத்தானின் கொல்லாமை.

இந்தச் சிரமத்துக்கு இதே வட்டாரத்தில் ஒரு பழைய முன்னோடி உண்டு. பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் நந்தவனம் வைத்துப் பூ வளர்த்து, அதைச் சுமந்து காஞ்சிபுரம் வரதராசர் கோயிலுக்கு நடந்து போவார் என்றும், வழியில் ஸ்ரீபெரும்புதூரில் இளைஞரான இராமானுசர் அவரைக் கண்டு பணிந்தார் என்றும் குருபரம்பரை மரபு சொல்கிறது. இன்று பெங்களூரு நெடுஞ்சாலை ஓடும் தடம் ஏறத்தாழ அதுவே. பிற்காலத்தில் இராமானுசரின் ஏவலால் அனந்தாழ்வான் திருமலையில் குடியேறி நந்தவனம் அமைத்ததாகவும் அந்த மரபு பேசுகிறது. மண்ணைக் கொத்தி நீர் ஊற்றிப் பூப்பறிக்கும் வேலையை வேதாந்தம் கற்ற ஆசாரியர் தம் சீடருக்கு உயர்ந்த பணியாக இட்டார் என்பது கவனத்துக்குரியது. நாள்தோறும், மழையோ வெயிலோ, மறவாமல் செய்யவேண்டிய பணி அது. முயலுக்கான தொட்டித் தோட்டம் அவ்வளவு பெரிய பெயருக்கு உரிமை கோர முடியாது. ஆனால் அதுவும் நாள் தவறாமையைக் கேட்கும் வேலைதான்.

நாள் தவறாமை என்பது நடைமுறையில் விதைப்புக் கணக்கு. கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து ஓரிரவு ஊறவைத்து விதைத்தால் எட்டுப் பத்து நாளில் முளைத்து, சுமார் 40 நாளில் கொய்ய வரும். வெந்தயம் மூன்று நான்கு நாளில் முளைத்து 25 நாளில் வரும். ஒரு தொட்டி தீர்வதற்குள் அடுத்தது தயாராக வேண்டுமானால் பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு தொட்டியில் விதைத்தபடியே இருக்க வேண்டும். கத்திரி வெயிலில் கொத்தமல்லி கருகும். அப்போது அருகும் புதினாவும் நிழல்வலையின் கீழ் கைகொடுக்கும். முயலின் புழுக்கையை மட்க வைக்காமலே நேராக மண்ணில் கலக்கலாம். செடியைக் கருக்காத எரு அது. உண்ணும் உயிரும் உணவே, உணவும் உண்ணும் உயிரே என்ற பொருளில் தைத்திரீய உபநிடதம் அன்னத்தைப் போற்றுவதற்கு இந்தத் தொட்டி மண் ஒரு சிறிய எடுத்துக்காட்டு. தழை முயலாகிறது, முயல் விட்டது மறுபடி தழையாகிறது. இடையில் நிற்கும் மனிதர் தண்ணீர் ஊற்றினால் போதும்.

நன்கு பேணப்படும் வீட்டு முயல் எட்டிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடியது. வாடகை வீடு மாறும், ஷிப்ட் மாறும், வேலை வேறு ஊருக்கு மாறும், கடன் மாறாது. வளர்க்க முடியாதபோது ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுவது விடுதலை ஆகாது. வளை தோண்ட இடமும், நாயிடமிருந்து தப்பும் பழக்கமும் இல்லாத அந்த உயிர் அங்கே ஓரிரு நாள்கூடத் தாங்குவது அரிது. பொறுப்பாக வளர்க்கக்கூடிய வேறொரு வீட்டில் சேர்ப்பதே முறை. முயல் வாங்க நினைப்பவர்கள், சந்தைக்குப் போகும் முன் ஒரு தொட்டியில் வெந்தயமும் ஒரு தொட்டியில் கொத்தமல்லியும் விதைத்து, நாற்பது நாள் விடாமல் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். தழை கைக்கு வந்த வீட்டுக்கே முயல் வர வேண்டும்.